பட்டை ஏற்றும் முன்: செல்லூர் லோடு வண்டிச் சகோதரர்களுக்கு ஒரு திறந்த மடல்

செல்லூர், தத்தனேரி, மீனாட்சிபுரம், குலமங்கலம் சாலை ஆகிய இடங்களில் குட்டியானையும் தோஸ்தும் பொலேரோ பிக்கப்பும் ஓட்டிக் குடும்பம் நடத்திவரும் சகோதரர்களே!

உங்கள் ஸ்டாண்டுகளைக் கடந்து நடப்பவர் எவராயினும், சுமையின்றி வாடகைக்குக் காத்து நிற்கும் வண்டிகளிற் பல, சமதளத்தில் நின்றுகொண்டே இறக்கத்தில் நிற்பதாகத் தோன்றும்படி பின்புறம் தூக்கியும் முன்புறம் தாழ்ந்தும் இருப்பதைக் கவனியாமல் இருக்க முடியாது. காரணம் உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஷோரூமிலிருந்து வந்த வண்டிக்குப் போட்ட மாலை வாடுவதற்கு முன்பே, சக்கரத்தடியில் நசுங்கிய எலுமிச்சம்பழத்தின் ஈரம் காய்வதற்கு முன்பே, அதைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ப் பின் அச்சின்மேல் இரண்டு வில்பட்டையைக் கூடுதலாக ஏற்றிவிடுவது, பூஜையோடும் இன்ஷூரன்ஸோடும் சேர்ந்த ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. அந்தச் சம்பிரதாயத்தைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்லவே இம்மடலை எழுதுகிறேன்.

இதை எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஆயுளின் பெரும்பகுதியை மோட்டார்ப் பட்டறையில் வண்டிக்கு அடியிற் படுத்துக் கழித்துவிட்டு, இப்பொழுது இதே செல்லூரில் மகனுடைய விசைத்தறிக் கூடத்தின் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். ஆகையால், பட்டையை மாட்டுகிறவர் பக்கமும் எனக்குப் பழக்கம். நூல் மூட்டையையும் துண்டுக் கட்டையும் உங்கள் வண்டியில் அடுக்கிவிட்டு, "இன்னும் நாலு கட்டுதான் தம்பி, போகிற வண்டிதானே" என்று சொல்லுகிறவர் பக்கமும் எனக்குப் பழக்கம். இவ்விரண்டாம் வகையினரைப் பற்றிப் பின்னர்ச் சொல்லுகிறேன். அவர்களை எளிதில் விட்டுவிடும் உத்தேசம் எனக்கு இல்லை.

முதலில், பட்டை எதற்காகப் பிறந்தது என்று பார்ப்போம். முற்காலத்து மதுரைச் சீமையில் மாட்டு வண்டிகள் இரு வகையாக இருந்தன. மிராசுதார்களும் அவர்கள் வீட்டுப் பெண்மக்களும் ஏறிச் சென்ற வில்வண்டிக்கு அடியில் வளைந்த இரும்புப் பட்டைகள் உண்டு. நெல்லும் எருவும் செங்கல்லும் சுமந்த பார வண்டிக்கு அவை கிடையாது. அங்கே அச்சு நேராகவே மரச்சட்டத்தைத் தாங்கிற்று. இங்கிலாந்திலே 1804-ஆம் ஆண்டில் ஒபதையா எலியட் என்னும் வண்டித் தொழிலாளி பட்டை வில்லுக்குக் காப்புரிமை பெற்றபோதும், அவர் மனத்தில் இருந்தது குதிரைச் சாரட்டில் அமரும் மனிதருடைய முதுகேயன்றி மூட்டை அன்று. பாரமும் வேகமும் ஒரே வாகனத்திற் சேர்ந்த மோட்டார் யுகத்திலேதான் பட்டைக்குச் சுமை தாங்கும் உத்தியோகம் முழுமையாக வந்து வாய்த்தது. அந்த யுகத்தைத் தென்னாட்டுக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவராகிய டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1911-இல் தம் ஸ்தாபனத்தைத் தொடங்கியது நமது மதுரையிலேயே என்பதையும், அதன் பயனாக மோட்டார் வேலையை ஒழுங்காகக் கற்ற கைகளுக்கு இவ்வூரில் என்றும் பஞ்சம் இருந்ததில்லை என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன். கைகளில் குறையில்லை, அவற்றுக்கு நாம் இடும் உத்தரவிலேதான் குறை.

டாடா ஏஸ் என்னும் வண்டி 2005-ஆம் ஆண்டு மே மாதத்தில் சந்தைக்கு வந்தது. 702 சி.சி. கொண்ட இரட்டைச் சிலிண்டர் டீசல் என்ஜின். ஏற்றக்கூடிய பாரம் 750 கிலோ. மூன்று சக்கர ஆட்டோவுக்கும் லாரிக்கும் இடையே வெற்றிடமாகக் கிடந்த ஒரு தொழிலை அது நிரப்பிற்று; தமிழ் நாட்டு மக்கள் அதற்குக் குட்டியானை என்று பெயரிட்டுத் தம் வீட்டுப் பிள்ளையாகவே சுவீகரித்துக்கொண்டனர். 2011-இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. அதன் பாரம் ஒன்றேகால் டன். மகிந்திராவின் பிக்கப் வண்டிகள் ஒன்றேகால் டன்னுக்கும் மேலே பல படிகளில் கிடைக்கின்றன. இவ்விவரங்களை நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டுமென்பதில்லை. ஆனால், முக்கால் டன் என்று கம்பெனி எழுதிய வண்டியில் ஒன்றரை டன் ஏறி, "ரெண்டு பட்டை போட்டுட்டேன் அண்ணே, இப்போ தாங்கும்" என்ற சமாதானத்தோடு அது சிமெண்டுக் கடையிலிருந்து புறப்படும்போது, அந்த 750 என்னும் எண் எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிஷமேனும் யோசித்தல் அவசியமாகிறது.

அந்த எண்ணைக் கம்பெனிக்காரர் பட்டையை மட்டும் பார்த்து எழுதவில்லை. சேஸி, அச்சுக்கூடு, வீல் பேரிங், ஹப், டயர், பிரேக், என்ஜின், பட்டை ஆகிய யாவற்றையும் நிறுத்துப் பார்த்து, இவை எல்லாமாகச் சேர்ந்து எவ்வளவு தாங்கும் என்று கணக்கிட்டே எழுதினார்கள். பட்டை அக்கூட்டத்தில் ஓர் அங்கம். அதற்கென்று ஒரு விசேஷக் குணமும் உண்டு. பாரம் மிகுந்தால் அது வெளிப்படையாகத் தாழ்ந்து காட்டும். சேஸியின் விரிசலையும் பேரிங்கின் சூட்டையும் வெளியிலிருந்து காண முடியாது. பட்டை படுத்துவிட்டதைத் தெருவிற் போகும் சிறுவனும் காண்பான். கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சரிசெய்துவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவது மனித சுபாவம். சும்மாட்டைப் பெரிதாகச் சுற்றிக்கொண்ட மாத்திரத்தில் கழுத்து எலும்புக்குப் பலம் கூடிவிடுவதில்லை என்பதைத் தலைச்சுமைக்காரர் எவரும் அறிவர். பட்டை விஷயத்தில் மட்டும் அந்த அறிவு நமக்கு மறந்துபோகிறது. கூடுதல் பட்டை வண்டியின் தாங்கும் சக்தியை உயர்த்துவதில்லை. பாரம் மிகுந்துவிட்டது என்று அது சொல்லவேண்டிய நேரத்தில் அதன் வாயை அடைத்துவிடுகிறது.

இனி, பட்டறையில் நடப்பது என்னவென்று சற்று நெருங்கிப் பார்ப்போம். ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றி, யூ போல்ட்டின் துருவேறிய நட்டுகளை நீண்ட குழாய் செருகிய ஸ்பேனரால் திருகி எடுத்து, பட்டைக் கட்டைத் தரையில் இறக்கி, சென்டர் போல்ட்டைத் தட்டி வெளியேற்றியதும், பட்டைகள் விரிந்து தனித்தனியே விழுகின்றன. பட்டறையின் மூலையில் பழைய லாரிப் பட்டைகளின் குவியல் ஒன்று இருக்கும். அதிலிருந்து ஏறத்தாழ நீளம் ஒத்துவருகிற ஒன்றை எடுத்து, நுனியை வெட்டி, நடுவில் துளையிட்டு, வளைவு போதவில்லையென்றால் காஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி அடித்து, மெயின் பட்டைக்குக் கீழே சேர்த்து மறுபடி முடுக்கிவிடுகிறார்கள். செலவு குறைவு, நேரமும் குறைவு, வண்டி இரண்டு அங்குலம் நிமிர்ந்து நிற்கிறது, உடையவருக்குப் பரம திருப்தி.

இங்கே நிகழ்ந்த பிழைகள் பல. பட்டை என்பது சாதாரண இரும்பு அன்று. சிலிக்கனும் மாங்கனீசும் கலந்த எஃகைச் செந்தழலாகக் காய்ச்சி, எண்ணெயில் முக்கிக் குளிரவைத்து, மறுபடி அளவான சூட்டில் பதப்படுத்தி எடுத்தது. அந்தப் பதத்திலேதான் அதன் உயிர் இருக்கிறது. காஸ் ஜுவாலையில் அதைச் சிவக்க வைத்து வெறுங்காற்றில் ஆறவிட்டால் பதம் போயிற்று. எஞ்சியது வளைந்த இரும்புத் துண்டே. வெல்டிங் வைத்தாலும் இதே கதிதான். அடுத்தது, தடிப்பு. பட்டையின் விறைப்பு அதன் எண்ணிக்கைக்கு நேர் விகிதத்தில் கூடுகிறது. ஐந்துக்கு அதே போன்ற இரண்டு சேர்த்து ஏழாக்கினால் நூற்றுக்கு நாற்பது வீதம் விறைப்பு ஏறும். தடிப்பைப் பொறுத்தோ, அது மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது. எட்டு மில்லிமீட்டர்ப் பட்டையின் இடத்தில் பத்து மில்லிமீட்டர்ப் பட்டையை வைத்தால், அந்த ஒரு பட்டை மட்டிலும் விறைப்பு ஏறத்தாழ இரட்டித்துவிடும். தடித்த பட்டையும் மெலிந்த பட்டையும் ஒரே யூ போல்ட்டுக்குள் சேர்ந்து வளையும்போது அதிக வருத்தம் தடித்ததற்கே. முதலில் ஒடிவதும் அதுவே. வளைவு ஒத்துவராத பட்டைகளாயின், வண்டி ஓர் அடி நகர்வதற்கு முன்பே ஒன்றையொன்று நெம்பிக்கொண்டு நிற்கும். புதிய வண்டிகள் சிலவற்றில், நடுவில் தடித்து நுனியை நோக்கி மெலிந்துவரும் பரபோலிக் பட்டைகள் இரண்டோ மூன்றோ மட்டும் வருகின்றன. அவை நடுவிலும் நுனியிலும் தொடுவனவேயன்றி இடையில் ஒன்றையொன்று உரசா. அவற்றின் நடுவே ஒரு லாரிப் பட்டையைச் செருகுவது, அந்த அமைப்பு முழுவதையும் பாழாக்குவதேயாகும்.

இவையாவும் பணநஷ்டத்தோடு போகக்கூடியவை. உயிரைத் தொடும் விஷயம் ஒன்று உண்டு. இம்மடலை எழுதத் தூண்டியதும் அதுவே.

பிக்கப் வண்டிகள் பலவற்றில், பின் அச்சுக்கும் சேஸிக்கும் இடையே ஒரு சிறு கம்பியும், அக்கம்பியோடு இணைந்த ஒரு வால்வும் இருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். மெக்கானிக்குகள் எல்.எஸ்.பி.வி. என்று சொல்லுவார்கள். வண்டி காலியாக இருக்கும்போது பின் சக்கரங்களின்மேல் பாரம் குறைவாதலால், பிரேக் அழுத்தத்தை முழுமையாக அவற்றுக்கு அனுப்பினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி வழுக்கிச் சுழன்றுவிடும். ஆகையால் அந்த வால்வு பின்பக்கத்துக்குச் செல்லும் பிரேக் அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. பாரம் ஏறி, பட்டை தாழ்ந்து, சேஸி அச்சை நெருங்கும்போது கம்பி அசைந்து வால்வைத் திறக்கிறது. பின் பிரேக்குக்கு முழு அழுத்தமும் செல்கிறது. அதாவது, வண்டியில் எவ்வளவு பாரம் இருக்கிறது என்பதை அந்த வால்வு பட்டையின் தாழ்வைக் கொண்டே அறிந்துகொள்கிறது. அதற்கு வேறு கண் இல்லை. இப்பொழுது நீங்கள் இரண்டு பட்டையை ஏற்றிவிட்டீர்கள். ஒன்றரை மடங்கு பாரம் ஏறியும் வண்டி போதிய அளவு தாழவில்லை. வால்வு அதைப் பாரம் குறைந்த வண்டி என்றே எண்ணிக்கொண்டிருக்கிறது. எந்த நாளில் பின் பிரேக் முழுச் சக்தியோடு வேண்டுமோ, அந்த நாளிலேயே அது குறைந்த சக்தியோடு பிடிக்கிறது; மிச்சப் பொறுப்பெல்லாம் முன் பிரேக்கின்மேல் விழுந்து, அது சூடேறிக் கைவிடுகிறது. சில பட்டறைகளில் இதற்கும் ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள்: அந்தக் கம்பியை மேலே தூக்கிக் கட்டிவிடுவது. அப்படிச் செய்தபின், காலி வண்டியோடு மழைநாளில் கோரிப்பாளையம் பக்கம் திடீரென்று பிரேக் அடித்தால் என்ன நேரும் என்பதை உங்கள் யூகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

பாரத்தின் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். சுமார் எண்ணூறு கிலோ சொந்த எடையுள்ள வண்டியில் 750 ஏற்றினால் மொத்தம் ஒன்றரை டன்னுக்குச் சற்று மேல். ஒன்றரை டன் ஏற்றினாலோ மொத்தம் இரண்டே கால் டன்னைத் தாண்டிவிடுகிறது. அதே வேகத்திலிருந்து நிறுத்துவதற்குப் பிரேக்குகள் விழுங்கவேண்டிய சூடு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. சிறுமலைக்கு வாழைக்காய் ஏற்றப் போகிறவர்கள் அங்குள்ள 18 கொண்டை ஊசி வளைவுகளை இறங்கும்போது இந்தக் கணக்கை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்க்கவேண்டும். பட்டையினால் மேடை இரண்டு அங்குலம் உயர்ந்து, அதன்மேல் தார்களும் ஆள் உயரம் உயர்ந்துவிட்டால், வளைவில் வண்டி சாயும் போக்கும் அந்த அளவுக்கு மிகுகிறது. திரும்பி வரும் காலி வண்டியிலோ பின்புறம் தூக்கியிருப்பதனால் ஹெட்லைட்டின் ஒளி மூக்கடியிலேயே விழுகிறது. இரவில் நத்தம் சாலையில் எதிரே நிற்கும் மாட்டை மிக அருகிற் சென்ற பின்னரே காண்கிறீர்கள். உங்கள் முதுகுத்தண்டைப் பற்றி நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை. ஓட்டத்தில் ஒரு பாதி காலி ஓட்டம். பாரத்துக்கென்று விறைப்பாக்கிய பட்டை, காலி ஓட்டத்தில் ஒவ்வொரு வேகத்தடையையும் நேராக உங்கள் இடுப்பிலே கொண்டுவந்து இறக்குகிறது. நாற்பது வயதில் இடுப்புப் பட்டி கட்டிக்கொண்டு ஓட்டும் தம்பிமார் உங்களிடையே இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள்.

சாலை கெடுகிறது என்று உங்கள்மேல் பழிபோட நான் வரவில்லை. அச்சின் பாரம் இரட்டித்தால் சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகிறது என்பது, அமெரிக்காவின் இல்லினாய் மாகாணத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த பெருஞ்சோதனையிலிருந்து பிறந்த கணக்கு. அக்கணக்கின்படி பார்த்தால், பத்து டன் அச்சோடு செல்லும் லாரியின் முன்னே உங்கள் குட்டியானை செய்யும் சேதம் பொருட்படுத்தத் தக்கதே அன்று. பெரிய லாரிகளுக்குரிய அச்சுப் பாரத்தை 2018-ஆம் ஆண்டு ஜூலையில் மத்திய அரசே உயர்த்தி, இரண்டு அச்சு லாரியின் மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாக்கிற்று. அவ்வுத்தரவைக் காட்டி, "லாரிக்கே கூட்டிவிட்டார்கள், நமக்கு என்ன" என்று சிலர் பேசுவது காதில் விழுகிறது. அது உங்கள் வண்டிக்குப் பொருந்தாது. உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் எழுதியுள்ள மொத்த எடை, பத்துப் பட்டை ஏற்றினாலும் ஒரு கிலோகூட உயராது. 2019-இல் திருத்தப்பெற்ற மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, அதிகப் பாரத்துக்கு 20,000 ரூபாயும், மிகுதியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. மிகுந்த சரக்கை இறக்கிய பின்னரே வண்டி நகரலாம். எடை போட மறுத்தால் 40,000. வண்டியின் அமைப்பைக் கம்பெனி வகுத்ததற்கு மாறாகத் திருத்துவதை 52-ஆம் பிரிவு தடுக்கிறது. அந்த 2019-ஆம் ஆண்டின் ஜனவரியிலே சுப்ரீம் கோர்ட்டும் அதை வலியுறுத்திற்று. இருபதாயிரம் ரூபாய் என்பது எத்தனை நடையின் லாபம் என்பதை என்னைவிட நீங்களே நன்கறிவீர்கள்.

சரி, இவ்வளவும் தெரிந்திருந்தும் ஏன் ஏற்றுகிறீர்கள்? பேராசையினால் என்று சொல்லுகிறவர்கள் உங்கள் தவணைப் புத்தகத்தைப் பார்த்தறியாதவர்கள். இவ்வூரில் வாடகை நடைக்கு நடை பேசப்படுகிறதேயன்றி எடைக்கு எடை பேசப்படுவதில்லை. செல்லூரிலிருந்து மாட்டுத்தாவணிக்கு இவ்வளவு, பரவைக்கு இவ்வளவு என்று தொகை பேசியான பிறகு, அந்தத் தொகைக்குள் எத்தனை மூட்டையை அடைக்கலாம் என்பது முழுவதும் சரக்குக்காரருடைய சாமர்த்தியமாகிவிடுகிறது. ஒரு மூட்டை கூடினால் லாபம் அவருக்கு. தேய்ந்த டயரும் ஒடிந்த பட்டையும் அபராதமும் உங்களுக்கு. நீங்கள் மறுத்தால் அடுத்த வண்டிக்காரர் காத்திருக்கிறார். அவர் மறுக்காதிருப்பதற்கு அவருடைய இரண்டு பட்டையே காரணம். ஆகவே, ஒருவர் ஏற்றிய பட்டை மற்றவரையும் ஏற்றவைக்கிறது. எல்லாரும் ஏற்றிவிட்ட பின்னர் எவருக்கும் அதனால் ஒரு காசு கூடுதலாக வருவதில்லை. முன்னே 750 கிலோவுக்கு வாங்கிய அதே வாடகைக்கு இப்பொழுது ஒன்றரை டன் சுமக்கிறீர்கள். உங்கள் கைக்காசைச் செலவிட்டு, சரக்குக்காரரின் லாபத்துக்கு நீங்கள் வாங்கிக் கொடுத்த பட்டைகள் அவை. சரக்குக்காரர் என்று சொல்லும்போது என் மகனுடைய தறிக்கூடத்தையும் சேர்த்தே சொல்லுகிறேன்.

வண்டியின் பின்புறத்தைச் சரிப்படுத்தவே கூடாது என்பது என் அபிப்பிராயம் அன்று. ஓடி ஓடிப் பட்டை தளர்ந்து வளைவு இழந்திருந்தால், ஒற்றைப் பட்டையை மாற்றாமல், வண்டிக்கு உரிய அளவுடைய முழுக் கட்டை இரு பக்கமும் ஒருசேர மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி என்றும் ஒருக்களித்தே நிற்கும். பட்டை படுத்துவிட்டது என்று நாம் நினைக்கும் கோளாறுகளிற் பல, உண்மையில் சேக்கிள் புஷ் தேய்ந்ததும் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்ததுமே. பட்டையின் வேலை பாரத்தைத் தாங்குவது. துள்ளலை அடக்குவது ஷாக்கின் வேலை. துள்ளுகிற வண்டிக்குப் பட்டை ஏற்றினால் துள்ளல் மிகுமேயன்றிக் குறையாது. கட்டாயம் கூடுதல் உதவி வேண்டுமென்றிருந்தால், உங்கள் மாடலுக்கென்று கம்பெனியே ஹெல்பர் பட்டை வைத்திருக்கிறதா என்று விசாரியுங்கள். அது பாரம் ஏறிய பின்னரே தொட்டுத் தாங்குவதாதலால் காலி ஓட்டத்தில் இடுப்பை வருத்தாது. அதுவும் எழுதிய பாரத்தை நிம்மதியாகச் சுமப்பதற்கே. மேலே ஏற்றுவதற்கு அன்று. எல்.எஸ்.பி.வி. கம்பியைப் பட்டை வேலை முடிந்த பிறகு கம்பெனி சொன்ன அளவுக்கு மறுபடி அமைக்கச் செய்யாமல் பட்டறையை விட்டு வராதீர்கள். டயரில் எழுதிய பாரமும் காற்றும் ஒத்திருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் பேட்டைக்கென்று ஒரு தனிச் சங்கடமும் உண்டு. 2024-ஆம் ஆண்டு அக்டோபர் மழையில் செல்லூர்க் கண்மாய் நீரும் பந்தல்குடி வாய்க்கால் நீரும் தெருக்களிற் புகுந்தபோது, நின்ற இடத்திலேயே அச்சு வரை மூழ்கிய வண்டிகள் பல. சாக்கடையோடு கலந்த அந்த நீர் பட்டைகளின் இடுக்கிலே தங்கித் துருவைப் பிறப்பிக்கிறது. துருப்பிடித்த குழியிலிருந்தே பிற்பாடு விரிசல் தொடங்குகிறது. அடுத்த மழைக்குப் பின், மேலே வாட்டர் சர்வீஸ் செய்வதோடு நிற்காமல், பட்டைக் கட்டைக் கழற்றித் துடைத்துக் கிராபைட் கிரீஸ் தடவச் சொல்லுங்கள். வீல் பேரிங்கின் கிரீஸையும் மாற்றச் சொல்லுங்கள்.

என் பக்கத்திலிருந்து நான் செய்யக்கூடியது ஒன்றே. எங்கள் கூடத்திலிருந்து ஏறும் கட்டுகளுக்கு இனி எடைச் சீட்டு எழுதி ஓட்டுநர் கையிற் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், ஆர்.சி.யில் உள்ள அளவுக்கு மேல் ஒரு கட்டும் ஏறாது. மிஞ்சினால் இரண்டாம் நடை, இரண்டாம் வாடகை. இந்தத் தெருவில் உள்ள மற்றத் தறிக்காரர்களிடமும் பேசிக்கொண்டிருக்கிறேன். சிலர் சம்மதித்திருக்கிறார்கள், சிலர் சிரித்துவிட்டுப் போனார்கள். நீங்களும் உங்கள் ஸ்டாண்டில் கூடிப் பேசி, இத்தனை கிலோவுக்கு இத்தனை என்று ஒரு வாடகைப் பட்டியல் எழுதி மாட்டினால், சிரித்தவர்களிடம் காட்டுவதற்கு எனக்கும் ஒரு காகிதம் கிடைக்கும்.

ஏற்றிய பட்டையை இறக்க முடிவு செய்கிறவர்களுக்கு இன்னும் ஒரு குறிப்பு. கழற்றிய பழைய யூ போல்ட்டை மறுபடி போட விடாதீர்கள். ஒருமுறை இழுபட்டது பின்னர் அதே பிடிப்பைத் தராது. புதியதை வாங்கிக் கொடுத்து, நான்கு நட்டுகளையும் குறுக்கு மறுக்காகச் சிறிது சிறிதாக முடுக்கச் சொல்லுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் பாரத்தோடு நிறுத்தி இன்னொருமுறை முடுக்க வேண்டும். உட்பக்கத்து நட்டுக்கு ஸ்பேனர் சரியாக எட்டாது. பட்டறைப் பையன் அதை விட்டுவிடப் பார்ப்பான். பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
செல்லூர்வாசி ஒருவன்